எல்லாம் நின்றுபோனால் எந்த வண்டி ஓடும்?

வாசகர் கேள்வி – பதில்

அரசு, சந்தை, மின்சாரம், எரிபொருள் விநியோகம் அனைத்தும் ஒருசேர நின்றுபோகும் ஒரு காலம் வந்தால், உயிர் பிழைக்க எந்த வண்டியை நம்பலாம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சென்ற இதழில் அதற்கு நான்கு வரிகளில் பதில் எழுதினேன். அந்த நான்கு வரிகள் யாருக்கும் போதவில்லை என்பதை அதன்பின் வந்து குவிந்த கடிதங்கள் காட்டின. எனவே இந்த இதழில் வேறு கேள்விகளை ஒத்தி வைத்துவிட்டு, இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான்கு சக்கரங்களுக்கும் இழுவை உள்ள ஒரு பெரிய ஜீப்பை வாங்கி, கூடுதல் டேங்க் ஒன்றையும் நிரப்பி வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறேன். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும். குடும்பமும் பொருள்களும் அதில் அடங்கும். இது சரியான முடிவுதானா?

பதில்: வண்டியைப் பற்றி நீங்கள் சொல்வது அத்தனையும் உண்மை, அது எத்தனை நாள் ஓடும் என்பதை மட்டும் கணக்குப் பார்க்காமல் விட்டுவிட்டீர்கள். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்காக 200 லிட்டர் எரிபொருள் சேமித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,000 கிலோமீட்டர் ஓடலாம். தண்ணீருக்கும் விறகுக்கும் தானியத்துக்குமாக நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் அலைந்தால் 100 நாளில் டேங்க் வறண்டுவிடும். நூற்றோராம் நாள் உங்கள் வாசலில் நிற்பது இரண்டு டன் இரும்பு. இடைப்பட்ட நாள்களிலோ, 200 லிட்டர் தீப்பற்றும் திரவத்தை வீட்டோடு வைத்துக்கொண்டு உறங்கியிருப்பீர்கள். யானையைக் கட்டித் தீனி போடுவது கடினம் என்று சும்மாவா சொன்னார்கள்?

முதல் நாளிலேயே கிளம்பித் தொலைவில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று வேறு சில வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். 2005 செப்டம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரை ரீட்டா புயல் நெருங்கியபோது, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஒரே நேரத்தில் கார்களில் கிளம்பினார்கள். நெடுஞ்சாலைகளில் சுமார் 160 கிலோமீட்டர் நீளத்துக்கு வண்டிகள் தேங்கின. நின்ற இடத்திலேயே எரிபொருள் தீர்ந்த வண்டிகள் பின்னால் வந்தவற்றுக்கும் வழியை அடைத்தன. புயலின் காற்றுக்கும் நீருக்கும் பலியானவர்களைவிட, வெப்பத்தாலும் விபத்தாலும் அந்த வெளியேற்றத்தில் இறந்தவர்களே அதிகம். அரசும் காவல்துறையும் முழுமையாக இயங்கிய ஒரு செல்வ நாட்டில் நடந்தது இது. 2000 செப்டம்பரில் பிரிட்டனில் போராட்டக்காரர்கள் சுத்திகரிப்பு ஆலைகளின் வாயில்களை மறித்தபோதும், ஒரு வாரத்துக்குள் நாட்டின் பெரும்பாலான பெட்ரோல் பங்க்குகள் காலியாகிவிட்டன. அங்கே எந்த வீழ்ச்சியும் நேரவில்லை. லாரிகள் வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, வண்டியின் வலிமையிலிருந்து தொடங்கி எரிபொருளுக்கு வருவதைவிட, அதற்கான தீனியை யார் தருவார்கள், கெட்டுப்போனால் யார் பழுது பார்ப்பார்கள் என்னும் இரண்டு கேள்விகளிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வண்டிக்கு வாருங்கள். இரண்டுக்கும் ‘நானே’ என்று விடை வருகிற வண்டிகள் மிகச் சிலவே. மற்றவை இருக்கும்வரை பயன்படுத்திக்கொள்ள வேண்டியவை. அவற்றை நம்பிக் காலத்தை ஓட்ட முடியாது.

பெரிய வண்டிதான் வேண்டும் என்று உறுதியாக இருந்தால், நீங்கள் வாழும் வட்டாரத்தில் எது மிக அதிகமாக ஓடுகிறதோ அதையே வாங்குங்கள். உதிரிபாகம் விற்கும் கடை இல்லாத காலத்தில், செத்துப்போன வண்டிகள்தான் உயிருள்ள வண்டிக்கு உதிரிபாகக் கடை. 1987-ல் சாட் நாட்டுப் படையினர் லிபியாவின் டாங்கிகளை டொயோட்டா பிக்கப் வண்டிகளைக் கொண்டே விரட்டியடித்தார்கள். அந்தப் போருக்கு ‘டொயோட்டா போர்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1984-ல் அறிமுகமான லேண்ட் குரூஸர் 70 வரிசை இன்னும் தயாரிப்பில் இருப்பதும், பாலைவனங்களில் இயங்கும் உதவி அமைப்புகள் அதைக் கைவிடாமல் இருப்பதும் தற்செயல் அல்ல. ஆனால், அந்த வண்டியே வேறு எவரிடமும் இல்லாத ஊரில் நீங்கள் மட்டும் அதை வைத்திருந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் ஒரு வாட்டர் பம்ப் போனவுடன் அது அனாதையாகிவிடும்.

கேள்வி: பெட்ரோலா, டீசலா? எது நீண்ட நாள் கெடாமல் இருக்கும்?

பதில்: டீசல். எரிபொருளும் பாலைப்போலக் கெடும் என்பதைப் பலர் அறிவதில்லை. பெட்ரோலில் உள்ள எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் பறந்துவிடுகிறது; எஞ்சியது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாக மாறி, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் நுண்துளையை அடைக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் அது ஈரத்தையும் உறிஞ்சும். ஓர் அளவுக்குமேல் நீர் சேர்ந்ததும் எத்தனாலும் நீரும் தனியே பிரிந்து அடியில் தங்கிவிடும். சாதாரணமாக மூன்று முதல் ஆறு மாதம், காற்றுப் புகாத கலனில் விளிம்புவரை நிரப்பி, நிலைப்படுத்தும் மருந்து கலந்து, குளிர்ந்த இடத்தில் வைத்தால் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு. பெட்ரோலின் ஆயுள் அவ்வளவே. டீசல் கவனமாக வைத்தால் ஓராண்டும் அதற்கு மேலும் தாங்கும். அதன் பகை நீர்தான்: கலனின் உட்சுவரில் வியர்க்கும் நீர் அடியில் தங்க, அந்த நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கரிய கொழகொழப்பான கசடாக மாறி வடிகட்டியை அடைத்துவிடும். அடியில் தங்கிய நீரை அவ்வப்போது வடித்துவிடுவதற்கு ஒரு திருகு உள்ள கலனாகப் பார்த்து வாங்குங்கள்.

டீசல் எஞ்சினுக்கு மற்றொரு பெரிய பலமும் உண்டு. அதற்குத் தீப்பொறி தேவையில்லை; அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. கம்ப்யூட்டர் கட்டுப்பாடு வருவதற்கு முந்தைய, எரிபொருளை இயந்திர பம்ப் மூலமே செலுத்தும் பழைய டீசல் எஞ்சின், ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் பேட்டரியைக் கழற்றிவிட்டாலும் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும். ‘பெரும்பாலும்’ என்று ஏன் சொல்கிறேன் என்றால், சில எஞ்சின்களில் எரிபொருளை நிறுத்தும் வால்வு மின்சாரத்தில் இயங்கும். கம்பியை இழுத்து எஞ்சினை அணைக்கும் வகைக்கு அந்தத் தொல்லை இல்லை. சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்யவும் இத்தகைய எஞ்சின் இடம் கொடுக்கும்.

தாவர எண்ணெயில் ஓடுமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. ருடால்ஃப் டீசலே பின்னாளில் அதைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் தாவர எண்ணெய் டீசலைவிடப் பலமடங்கு தடித்தது. சூடாக்கி நீர்க்க வைக்காமல் ஊற்றினால் எரிபொருளைத் தெளிக்கும் இஞ்செக்டரில் கரி படிந்து, பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். டீசலிலேயே ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறிய பிறகு எண்ணெய்க்கு மாற்றி, அணைப்பதற்கு முன் மீண்டும் டீசலுக்குத் திரும்ப வேண்டும். அதற்கு இரண்டு டேங்க் வேண்டும். இவ்வளவு செய்தாலும், உண்ண எண்ணெய் கிடைக்காத காலத்தில் அதை எஞ்சினில் ஊற்ற யாருக்கு மனம் வரும் என்பது எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: அணுகுண்டின் மின்காந்த அலை எல்லாக் கார்களையும் ஒரே நொடியில் நிறுத்திவிடும், பழைய கார்புரேட்டர் வண்டி மட்டுமே பிழைக்கும் என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை, பாதி கதை. 1962 ஜூலை 9 அன்று அமெரிக்கா பசிபிக் கடலுக்குமேல் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் 1.4 மெகாடன் அணுகுண்டை வெடித்தபோது, ஏறத்தாழ 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன. அதிலிருந்து பிறந்தது இந்த அச்சம். பின்னர் அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த ஆணையம் ஒன்று 1986 முதல் 2002 வரை தயாரான 37 கார்களையும், அவற்றோடு 18 லாரிகளையும் செயற்கையான மின்காந்தத் துடிப்புக்கு உட்படுத்திப் பார்த்தது. அணைத்து வைத்திருந்த கார்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடிக்கொண்டிருந்தவற்றில் மூன்று கார்கள் மட்டும் நின்று, மீண்டும் ஸ்டார்ட் ஆயின. ஒரேயொரு லாரியை இழுத்துச் செல்ல நேர்ந்தது. இன்றைய வண்டிகளில் மின்னணுச் சாதனங்கள் அவற்றைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதால் அதே முடிவை அப்படியே நம்பிவிடவும் கூடாது.

சூரியப் புயலைப் பற்றிக் கேட்டவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது நீண்ட கம்பிகளையே தாக்கும். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாநிலம் முழுவதும் சுமார் ஒன்பது மணி நேரம் இருளில் மூழ்கியது அதனால்தான். உங்கள் கார் பிழைத்திருக்கும். பெட்ரோல் பங்க்கின் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது, ஆகவே அது ஓடாது.

பழைய வண்டியை நான் விரும்புவதற்குக் காரணம் வேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நள்ளிரவில், சாவிக்குள் இருக்கும் பொத்தான் அளவுப் பேட்டரி தீர்ந்துபோனதால், பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத புத்தம் புதிய கார் ஒன்றை ஸ்டார்ட் செய்யத் தெரியாமல் சாலையோரத்தில் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு ஒரு மாற்றுவழி கையேட்டில் இருந்தது. கையேடு என் கைபேசியில் இருந்தது. கைபேசியில் சார்ஜ் இல்லை. எந்தக் குண்டும் வெடிக்காமலே நடந்தது அது.

கேள்வி: விறகில் ஓடும் கார் உண்மையா, கட்டுக்கதையா?

பதில்: உண்மை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் முழுவதும் படைகளுக்குப் போய்விட, ஐரோப்பாவின் பொதுமக்கள் இலட்சக்கணக்கான கார்களையும் பேருந்துகளையும் லாரிகளையும் விறகு வாயுவில் ஓட்டினார்கள். ஜெர்மனியில் மட்டும் போர் முடியும்போது ஏறத்தாழ ஐந்து இலட்சம் வண்டிகள் அப்படி ஓடின. ஜார்ஜ் இம்பேர் 1920-களில் உருவாக்கிய உலைதான் அவற்றில் மிகப் பரவலாக இருந்தது. போதிய காற்றில்லாமல் விறகை எரித்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு வரும். அதைக் குளிரவைத்து, தாரும் சாம்பலும் போக வடிகட்டி, பெட்ரோல் எஞ்சினுக்குள் காற்றோடு செலுத்துவதே இதன் வேலை.

ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்யச் சுமார் மூன்று கிலோ காய்ந்த விறகு வேண்டும். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் போகும் வண்டி, 100 கிலோமீட்டருக்கு 25 கிலோ விறகைத் தின்னும். இது கட்டுப்படியாகிற கணக்குதான். எஞ்சினின் திறனில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை குறைந்துவிடும் என்பதையும், உலை சூடேறக் காத்திருக்க வேண்டும் என்பதையும், ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் சாம்பலை அள்ளி வடிகட்டியைக் கழுவ வேண்டும் என்பதையும் ஏற்றுக்கொள்கிறவருக்கு, நான்கு சக்கர வண்டிகளிலேயே இதுதான் ஆண்டுக்கணக்கில் தாங்கும் வழி. தகரமும் வெல்டிங்கும் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். அதுவும் வெல்டிங் செய்ய மின்சாரம் இருக்கும்போதே செய்து, ஓட்டிப் பார்த்து வைத்திருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. மூடிய கொட்டகைக்குள் இந்த உலையைப் பற்றவைத்தவர் எழுந்திருக்க மாட்டார். இதை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சூரியத் தகடுகளோடு ஒரு மின்சாரக் கார் இருந்தால் எரிபொருள் கவலையே இல்லையே?

பதில்: கவலை இருக்காது, தொலைவும் இருக்காது. மின்சாரக் கார் ஒன்று கிலோமீட்டருக்குச் சுமார் 160 வாட்-மணி மின்சாரம் செலவழிக்கும். 400 வாட் தகடு ஒன்று, நல்ல வெயில் ஐந்து மணி நேரம் கிடைக்கும் நாளில், இழப்புகள் போக 1,600 வாட்-மணி தரும். ஒரு நாள் முழுதும் வெயிலில் காய்ந்ததற்குக் கூலி பத்துக் கிலோமீட்டர். பத்துத் தகடு வைத்தால் நூறு கிலோமீட்டர் என்று சொல்லலாம்தான். அவற்றுக்கு இடையில் இருக்கும் இன்வெர்ட்டரும், காருக்குள் இருக்கும் சார்ஜரும், பேட்டரியைக் காக்கும் மென்பொருளும் பழுதானால் யார் திறந்து பார்ப்பது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதே கணக்கை மின்சார உதவியுள்ள சைக்கிளுக்குப் போட்டுப் பாருங்கள். அது கிலோமீட்டருக்கு 12 வாட்-மணி அளவே கேட்கும். வெறும் 100 வாட் தகடு, தோளில் சுமந்து போகக்கூடிய தகடு, ஒரு நாளில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டும். பேட்டரி என்றோ ஒருநாள் செத்துப்போனால் அது வெறும் சைக்கிளாகிவிடும். வெறும் சைக்கிள் என்பது இழிவான நிலை அல்ல. பின்னால் வரும் பதிலில் அதைச் சொல்கிறேன்.

கேள்வி: மோட்டார் சைக்கிளைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

பதில்: பேச வேண்டியதுதான். முதல் சில மாதங்களுக்கு அதைவிடப் பொருத்தமான எஞ்சின் வண்டி இல்லை என்பது என் எண்ணம். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் ஓடும் சிறிய வண்டிக்கு 20 லிட்டர் கலன் ஒன்றிருந்தால் 1,200 கிலோமீட்டர் போகலாம்; மேலே ஜீப்புக்குச் சொன்ன கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடைபட்ட சாலையில் வண்டிகளுக்கு நடுவே நுழைந்து போகும். ஆற்றின் குறுக்கே படகில் ஏற்றலாம். ஒற்றையடிப் பாதை போதும். நான்கு ஸ்ட்ரோக், கார்புரேட்டர், கிக்கர், காற்றால் குளிரும் எஞ்சின், டியூப் உள்ள டயர் என்பவையே நீங்கள் தேட வேண்டிய அடையாளங்கள். 1958-ல் வந்த ஹோண்டா சூப்பர் கப், 2017-க்குள் பத்துக் கோடி எண்ணிக்கையைத் தாண்டியது. உலகில் வேறெந்த மோட்டார் வாகனமும் அவ்வளவு தயாரானதில்லை. இரண்டு ஸ்ட்ரோக் வண்டி இன்னும் எளியது என்று சொல்பவர்களிடம் எனக்கு வழக்கில்லை. ஆனால் அது பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்துக் குடிக்கும், இரண்டையும் நீங்கள் சேமிக்க வேண்டியிருக்கும்.

அதன் சத்தம் அரைக் கிலோமீட்டருக்குக் கேட்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஊரே வறண்டு கிடக்கும்போது ஓர் எஞ்சின் ஓடும் ஒலி, ‘இங்கே ஒருவரிடம் பெட்ரோல் இருக்கிறது’ என்று தண்டோரா போடுவதற்குச் சமம்.

கேள்வி: சென்ற இதழில் நான்கு வரிகளில் மூன்றைச் சைக்கிளுக்கே செலவழித்தீர்கள். ஏழைகளின் வண்டி என்பதாலா, உண்மையிலேயே அது அவ்வளவு தகுதி உடையதா?

பதில்: தகுதி உடையது என்பதால்தான். நடப்பவர் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் போவார். அதே உழைப்பில் சைக்கிள் மிதிப்பவர் மூன்று மடங்குக்கு மேல் போவார். உண்ட உணவைத் தொலைவாக மாற்றுவதில் அதற்கு இணையான இன்னொரு கருவியை மனிதன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. சுமைக்கு உதவாது என்று நினைப்பவர்கள், 1954-ல் வியட்நாமின் தியன் பியன் பூவில் நடந்ததை அறிய வேண்டும். ஆயிரக்கணக்கான சைக்கிள்களை வியட்நாமியர் சுமைவண்டிகளாக மாற்றினார்கள். ஹேண்டில்பாரின் ஒரு முனையில் நீண்ட மூங்கிலைக் கட்டித் திசை திருப்பினார்கள். சீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக இன்னொரு மூங்கிலை நட்டுப் பிடித்துக்கொண்டார்கள். ஏறி மிதிக்காமல் பக்கத்தில் நடந்தபடியே தள்ளினார்கள். ஒரு சைக்கிளில் 200 கிலோவும் அதற்கு மேலும் அரிசியும் வெடிபொருளும் மலைப்பாதை ஏறின. எதிரில் இருந்த பிரெஞ்சுப் படைக்கு விமானங்கள் இருந்தன. தோற்றது அந்தப் படைதான்.

சோவியத் ஒன்றியம் 1991-ல் சிதைந்தபோது கியூபாவுக்கு வந்துகொண்டிருந்த எண்ணெய் திடீரென்று குறைந்தது. உண்மையான வீழ்ச்சிக்கு மிக அருகில் சென்று, அமைப்பு குலையாமல் தப்பிய ஒரு நாட்டின் அனுபவம் அது என்பதால் கவனித்துப் படிக்கத் தக்கது. அந்த அரசு சீனாவிலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்களை வாங்கி மக்களுக்குக் கொடுத்தது. லாரியின் முன்பகுதி இழுக்கும் நீண்ட பேருந்துகள் ஒட்டகம் என்ற பெயரில் நகரங்களில் ஓடின. 1950-களின் அமெரிக்கக் கார்களை, வேறு வண்டிகளிலிருந்து பிடுங்கிய டீசல் எஞ்சின்களைப் பொருத்தி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வண்டியின் ஆயுள் அதைப் பழுது பார்ப்பவரின் பொறுமையைப் பொறுத்தது என்பதற்கு அந்தக் கார்கள் சாட்சி.

எத்தகைய சைக்கிள் என்பதில் எனக்குப் பிடிவாதமான கருத்துகள் உண்டு. சட்டகம் எஃகாக இருக்க வேண்டும். விரிசல் விட்டால் எந்தக் கொல்லனும் பற்றவைத்துவிடுவான். அலுமினியமும் கார்பனும் இலேசானவை, முறிந்தால் முறிந்தவைதான். ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் பிரேக் வேண்டாம். கம்பி பிரேக் அல்லது பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் போதும். இருபது கியர் உள்ள வண்டியைக் கண்டு மயங்காதீர்கள். ஒரே கியர், அல்லது பின்சக்கரத்தின் நடுக்கட்டைக்குள் மூன்று கியர் உள்ள வகை, மழையிலும் புழுதியிலும் வருடக்கணக்கில் உழைக்கும். ரிம்மின் அளவு உங்கள் வட்டாரத்தில் எல்லோரிடமும் இருக்கிற அளவாகவே இருக்கட்டும்; நான் முன்பு சொன்ன அனாதை வண்டி நியாயம் இங்கும் பொருந்தும்.

உதிரிகளில் முதலில் தீரப்போவது ரப்பர். டயரும் டியூபும் ஓடாமல் இருந்தாலும் வெயிலிலும் காற்றிலும் வெடித்துப் போகும். இருளான, குளிர்ந்த அறையில், மடிக்காமல் தொங்கவிட்டு வையுங்கள். பஞ்சர் ஒட்டும் பசை, அது இருக்கும் சிறு குழாயின் மூடியைத் துளைத்த சில மாதங்களில் உலர்ந்துவிடும். ஆகவே பெரிய டப்பா ஒன்று வாங்குவதைவிடத் திறக்காத சிறிய பசைக் குழாய்கள் பத்து வாங்குவது நல்லது. ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட இடமில்லாத நிலை வந்தால், டயருக்குள் காய்ந்த புல்லையோ கந்தல் துணியையோ இறுக்கித் திணித்து மெதுவாக ஓட்டலாம். குலுக்கி எடுக்கும், ஆனால் வீடு சேர்க்கும். செயின் மூவாயிரம் முதல் ஐயாயிரம் கிலோமீட்டருக்குள் தேய்ந்துவிடும் என்பதால், இரண்டு செயினும் ஒரு ஃப்ரீவீலும் கையிருப்பில் வேண்டும். ஸ்போக்ஸ் இருபது, பேரிங் குண்டுகள் ஒரு கைப்பிடி, கிரீஸ் ஒரு டப்பா, பிரேக் கட்டைகள், கைப்பம்ப், நான்கைந்து ஸ்பானர். இவை அனைத்தும் ஒரு பெட்டியில் அடங்கும். ஒரு ஜீப்புக்கு இதே அளவு முழுமையான கையிருப்பு வைக்க ஒரு கொட்டகை வேண்டும்.

கேள்வி: குதிரையும் மாடும்தான் கடைசியில் கைகொடுக்கும் என்பது என் கட்சி. மறுப்பீர்களா?

பதில்: முழுவதும் மறுக்க மாட்டேன். 1941-ல் இயந்திரப் படைக்குப் பெயர்பெற்ற ஜெர்மானியர் சோவியத் எல்லைக்குள் நுழைந்தபோதுகூட அவர்களோடு ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் சென்றன. ஆனால் குதிரை என்பது அணைத்து வைக்க முடியாத எஞ்சின். 500 கிலோ எடையுள்ள குதிரை ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாளுக்குப் பத்துக் கிலோ அளவில் உலர்தீவனமும் முப்பது லிட்டர் அளவில் தண்ணீரும் கேட்கும். கால்நடைகளோடு வளர்ந்தவருக்கே அதன் நோயும் சினமும் குளம்பும் புரியும். நெருக்கடி வந்த பிறகு கற்றுக்கொள்ளலாம் என்பவருக்கு முதல் வாரத்திலேயே உதை விழும். மாடு மணிக்கு மூன்று கிலோமீட்டர்தான் நடக்கும். எனினும் வைக்கோலை உண்டு உழவும் செய்யும், எருவும் தரும், இன்னொரு மாட்டையும் ஈனும். இனம்பெருக்கும் வண்டி வேறெது இருக்கிறது? நிலமும் புல்லும் பழக்கமும் உள்ளவர் மாட்டையே தேர்ந்தெடுக்கட்டும். இவற்றில் எதுவும் இல்லாதவருக்கு, குறைந்த தீனியில் கரடுமுரடான பாதையில் சுமை தூக்கும் கழுதையைப் பரிந்துரைப்பேன். அதன் மதிப்பை நாம் வசைச்சொல்லால் மறைத்துவிட்டோம்.

கேள்வி: பழைய டயர்களை இலவசமாகத் தருகிறார்கள். வாங்கி அடுக்கலாமா?

பதில்: பக்கச் சுவரில் உள்ள எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பத்தாண்டைக் கடந்ததை வாங்கிச் செருப்புக்கு அடியாக வெட்டிக்கொள்ளலாம், வண்டியில் மாட்டாதீர்கள்.

கேள்வி: பாலங்கள் உடைந்தால் தண்ணீரைக் கடக்க உயரமான வண்டி வேண்டாமா?

பதில்: ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது வண்டிக்கும் சேர்த்துச் சொன்னது. ஓடுகிற நீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சிறிய காரைத் தள்ளிவிடும்; 60 சென்டிமீட்டர் இருந்தால் பெரும்பாலான பெரிய வண்டிகளையும் மிதக்கவைத்து இழுத்துப் போகும். உயரமான வண்டி தரும் துணிச்சல்தான் பலரை ஆற்றில் இறக்குகிறது. சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடந்து கடக்கலாம், கடக்க முடியாவிட்டால் திரும்பி வரலாம்.

கேள்வி: எனக்கு அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்கால்களும் ஒத்துழைப்பதில்லை. உங்கள் பதில்களில் எனக்கு என்ன இருக்கிறது?

பதில்: தங்களைப் போன்றவரை நினைக்காமல் எழுதியதற்காக முதலில் வருந்துகிறேன். பின்னால் இரண்டு சக்கரமும் அவற்றின் நடுவே சுமைத்தட்டும் உள்ள மூன்று சக்கர சைக்கிள், சிறிய மின்மோட்டார் உதவியோடு இருந்தால், முழங்காலை அதிகம் வருத்தாது. கால் ஊன்றிச் சமன் செய்ய வேண்டியதும் இல்லை. தொலைதூரம் தாங்கள் போக வேண்டியதில்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள். 1992 முதல் 1996 வரை முற்றுகையில் சிக்கிய சரயேவோ நகரத்து மக்களுக்கு அன்றாடம் இருந்த பயணம் தண்ணீர் கிடைக்கும் இடத்துக்குப் போய்வருவது. கேன்களைக் குழந்தைத் தள்ளுவண்டிகளிலும், கையால் செய்த சிறு வண்டிகளிலும், பனி பெய்த நாள்களில் சறுக்குப் பலகைகளிலும் இழுத்து வந்தார்கள். இரண்டு சைக்கிள் சக்கரங்களின் மேல் ஒரு பலகையைப் பொருத்தினால், சமதளத்தில் தங்களால் தூக்கவே முடியாத சுமையை அது தங்கள் பின்னால் கொண்டுவரும். வீட்டில் பேரக்குழந்தையின் பழைய தள்ளுவண்டி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பழைய சாமானுக்குப் போட்டுவிடாதீர்கள். சக்கரங்களைச் சுழற்றிப் பார்த்து, அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நனையாத இடத்தில் நிறுத்தி வையுங்கள்.